மணி யார் கணக்கில்

புதுவயலில் எங்கள் பள்ளிக்கு
கரும்பலகை அரசாங்கம் கொடுத்தது.
அதைத் தாங்கும் ஆணி அறக்கட்டளையுடையது.
எனக்குச் சம்பளம் காரைக்குடி சார்நிலைக் கருவூலம்.
சாத்தையாவுக்கு அறக்கட்டளை ஆபீசில்,
ஏழாம் தேதி வாக்கில், எண்ணிக் கொடுப்பார்கள்.
ஒரே மேசையில் ரெண்டு வருகைப் பதிவேடு,
அவருடையதற்குச் சிவப்புத் துணி அட்டை.

குழாய் உடைந்து பதினோரு மாசம்.
"கட்டடம் உங்களுடையது" என்று எழுதியது கல்வி அலுவலகம்.
"தண்ணி குடிக்கிற பிள்ளைகள் உங்களுடையது" என்றார் தாளாளர்.
ரெண்டு கடிதத்தையும் ஒரே கோப்பில் கட்டினேன்.
நாடா மட்டும் என் சொந்தக் காசு.

புதன்கிழமை விடியலில்
தாளாளர் வெள்ளையன் செட்டியார்
மதுரை ஆஸ்பத்திரியில் தவறிப்போனார்.
விடுமுறை என்றது அறக்கட்டளை.
ஆணை வரவில்லை, பள்ளி உண்டு என்றது அலுவலகம்.
ரெண்டும் நடந்தது.

நாங்கள் வந்துவிட்டோம். சாத்தையா வரவில்லை.
தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் சும்மா தொங்க
முதல் பாடவேளை முடியவேயில்லை.
அருள்செல்வி டீச்சர்
ஏழாம் வாய்ப்பாட்டுக்கே திரும்பத் திரும்ப வந்தார்.
ஹெட்மாஸ்டர் லூர்துராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
சுத்தியலைப் பார்த்தார்,
"அது நிர்வாகப் பணி" என்றார்
தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

பன்னிரண்டரைக்கு அரிசி ஆலைச் சங்கு.
முழுக்கத் தனியார்.
பிள்ளைகள் தட்டோடு எழுந்து ஓடினார்கள்
முழுக்க அரசாங்கமான சோற்றுக்கு.
அந்த அரைமணி நேரம் மட்டும்
எதுவும் குழப்பமாக இல்லை.

சாயங்காலம் ஆலை ஊதாது.
நாலு பத்து. நாலே கால்.
அவித்த நெல்லின் வாசம் ஜன்னலில் வந்து நின்றது.
ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்
பையை மாட்டிக்கொண்டு
வாசற்படியிலிருந்து என்னையே பார்த்தான்.
எமிஸில் அவனுக்கு எண் உண்டு.
அறக்கட்டளை ஆண்டு மலரில்
கடைசி வரிசையில், பாதி முகம் உண்டு.
அவனுக்கு வேண்டியதெல்லாம்
யாராவது அடிக்க வேண்டும்.

எழுந்து போய் அடித்தேன்.
எட்டா பத்தா, எண்ணவில்லை.
தூசிக்குள் பள்ளி கலைந்து போனது.

மறுநாள் காலையில் மொட்டைத் தலையோடு வந்தார் சாத்தையா.
இருபது வருசம் அவர் வீட்டு உப்பு என்றார்.
சுத்தியலை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.
"யாரு அடிச்சது? காம்பு கழண்டிருக்கு."
எந்தக் கணக்கில் புதுசு வாங்குவது என்று
நான் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கையில்
வேம்பில் ஒரு குச்சி ஒடித்து
ஆப்பு வைத்து இறுக்கினார்.
மரம் யாருடையது என்று
இருவரும் பேசவில்லை.