கூடக்குறைய மூன்று

விரல் அகலப் படத்துண்டு.
மூலையில் பேனாவால் ஒரு புள்ளி:
எந்தப் பக்கம் மேலே என்பது நாளைக்கு மறந்துவிடும்.
இளமஞ்சள். கதிர் பட்டால் பச்சை ஏறும்,
பட்டதற்குத் தக்கபடி.

பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள் லோகாம்பிகை.
கட்டி தலைக்குள். பிள்ளைக்கு ஐந்து மாதம்.
இரண்டுக்கும் நடுவே ஈயப் போர்வை,
அதற்கும் கீழே, தொப்புளுக்கு நேரே,
பிளாஸ்டரில் என் துண்டு.

ஒரு நாள் போதாது.
சிதறி வருவது அவ்வளவு சொற்பம்,
படத்தின் காதில் விழுவதே இல்லை.
திங்கள் முதல் வெள்ளி வரை அதே துண்டை
தோலில் மார்க்கர் இட்ட அதே இடத்தில்
ஒட்டினேன், உரித்தேன், கறுப்பு உறையில் போட்டேன்.

சனி. பதுளையில் மழை.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
சூடேற ஸ்கேனரை ஐந்து தடவை வெறுமனே ஓடவிட்டேன்.
பிறகு அவள் துண்டு. பிறகு
கதிரே காணாமல் லாச்சியில் கிடந்த அதன் சோடி.
ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க
மிஞ்சியது மூன்றாம் தசமத்தில் ஒரு நடுக்கம்.

திங்கள் சொன்னேன்:
ஆறு மில்லிகிரே. பயப்படும் அளவுக்கு வெகு கீழே.

“கழிச்சீங்களா மிஸ்?”
கழித்தேன்.
சும்மா கிடந்த படத்திலும் கொஞ்சம் நிறம் ஏறும்,
பாறையிலிருந்து, வானத்திலிருந்து, வயதிலிருந்து.
“எங்களுக்கும் கழிப்பாங்க.
சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒண்ணு.
வெயிலடிச்ச நாள்லயும் ஈரந்தான்.
நெறையப் பறிச்சும் அரைப்பேரோட வந்திருக்கேன்.”

கணினியை அவள் பக்கம் திருப்பினேன்.
இது உன்னுடையது. இது லாச்சியில் கிடந்தது.
கழிக்காவிட்டால் இவ்வளவு.
ஆறு என்பதும் சரியாக ஆறு அல்ல,
கூடக்குறைய மூன்று.
“அப்ப ஒம்பதாவும் இருக்கலாம்?”
இருக்கலாம்.
“மூணாவும்?”
மூன்றாகவும்.

வயிற்றில் கைவைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள்.
“தராசுக்காரர் ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்ல.”

படுக்கையில் அடுத்த துண்டை ஒட்டினேன்.
பார்த்திருக்கவே அது நூலளவு எழும்பி,
சற்றே சரிந்து, அமர்ந்தது.
உள்ளேயிருந்து உதை.

பிழைப் பட்டியலில் ஸ்கேனர் உண்டு,
படத்தின் தடிப்பு உண்டு, அறையின் வெப்பம் உண்டு.
இதற்கு ஒரு வரி இல்லை.
சேர்த்தேன், பென்சிலால்.

“எல்லாரும் வெளியே,” என்றாள் நிலந்தி.
கனத்த கதவு மெதுவாகத்தான் சாத்தும்.