கேத்தனூர்ப் பார்

பதினேழாம் நம்பர் மெஷின் மட்டும் ஏன் நிற்கிறது என்று
ஆடி மூன்றாம் நாள் வயர்லெஸ்ஸில் கேட்டேன்.
எண்பது மீட்டர் உயரத்திலிருந்து கிளாட்வின் சொன்னான்:
"நிக்கல. தியானம் பண்ணுது."
அப்புறம், "கியர்பாக்ஸ் சூடு."

அவன் வேம்பாறு. நான் இந்த ஊர்.
அவனுக்குக் கச்சான், எனக்கு மேகாத்து.
ஒரே காற்றை இரண்டு பெயரில் திட்டுகிறோம்.
இங்கே நுழையும்போது அதன் மேல்
வாளையாற்று ஈரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.
அவன் ஊரில் மணலை அள்ளிக் கண்ணில் எறியுமாம்.

இறங்கி வந்தவன்
டிபன் பாக்ஸ் மூடியில் கிரீஸ் விரலால் இழுத்தான்:
"இது நீலகிரி. இது ஆனமலை. நடுவுல சந்து.
சந்துக்கு நேரா நிக்குற மெஷின் தின்னும்.
மலை நிழல்ல நிக்குறது பட்டினி.
எங்க கடல்லயும் இதே கணக்குதான் கெடக்கு."

பவளம் நடக்காது என்றான்.
வாயைத் திறந்தபடி நிற்கும்,
நீவாடு கொண்டுவந்து ஊட்டினால் உண்டு.
நீவாடு ஆடியில் ஒரு பக்கம் இழுக்கும்,
கார்த்திகையில் வந்த வழியே திரும்பும்.
இரண்டுக்கும் முகம் கொடுக்கிற மேட்டில் பார் பெருக்கும்.
காலடியில் கல் இருக்க வேண்டும்.
சேற்றில் குஞ்சு ஒட்டாது.
ஆற்றுவாயில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், வெயில் இறங்காது,
அங்கே தலைவைத்தும் படுக்காது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினேழை முதலில் பொங்கியண்ணன் சோளக்காட்டில்தான்
கொடி நட்டுக் குறித்தார்கள்.
தோண்டத் தோண்டக் கரிசல்.
அறுபது மீட்டர் மேற்கே தள்ளி
சுக்கான்பாறை தட்டுப்பட்ட இடத்தில் காலூன்றினார்கள்.
வாடகை பங்காளிக்குப் போய்விட்டது.
இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை.

"பவளத்துக்கும் பங்காளி உண்டுங்களா?"
"இருக்கு. ரொம்ப ஒட்டி வளந்தா
ராத்திரி நரம்ப நீட்டிச் சுட்டுரும்."

கண்ட்ரோல் ரூம் திரையில் அன்றைக்குத்தான்
புள்ளிகளைப் புள்ளிகளாகப் பார்க்காமல் பார்த்தேன்.
அறுபத்து நாலு பச்சை,
ஓரிடத்தில் மொய்த்து, ஓரிடத்தில் அறவே இல்லாமல்,
கிழக்கே போகப் போக இளைத்து.
கம்பெனி வரைந்த மாதிரி இல்லை.
மலையும் கல்லும் சேர்ந்து செய்த வேலை.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.
ஐப்பசி மழையில் எங்கள் செம்மண் ஓடையில் இறங்கும்,
அமராவதியோ நொய்யலோ, எது வழியாகவோ காவிரிக்குப் போகும்,
காவிரி பூம்புகாருக்கு.
"அங்க பார் இருக்குதுங்களா?"
"இல்ல."
"எங்க மண்ணாலயா?"

அவன் மூடியைத் துணியால் துடைத்தான்.
நீலகிரி போனது. ஆனைமலை போனது.
நெடுநேரம் கழித்து,
"உங்க மண்ணு மட்டும் இல்ல," என்றான்.

புரட்டாசியில் காற்று விழுந்தது. ஊருக்குப் போய்விட்டான்.
சித்திரையில் ஒரு படம் அனுப்பினான்:
தண்ணீருக்கடியில் ஒரு தெரு முழுக்க
சுண்ணாம்பு அடித்து வைத்த மாதிரி வெள்ளை.
கீழே, "சாவல. பட்டினி. தண்ணி சூடு."
தியானமா என்று தட்டினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.
வேறு எதுவும் எழுத வரவில்லை.

வைகாசி பதினொன்று, காலை ஆறு பத்து.
பதினேழு ஒருமுறை முனகி, அரைச்சுற்று போய்,
தயங்கி, பிடித்துக்கொண்டது.
கிளாட்வின் இன்னும் வரவில்லை.
ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில்
மேகாத்து என்று எழுதினேன்.
அடித்துவிட்டுக் கச்சான் என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் கேட்பார்.
கேட்கட்டும்.