ரெண்டு தொழிலுக்கு மேல் கிடையாது

சாரல் வீரவநல்லூர் வரை எட்டிப் பார்த்த ராத்திரி.
மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
தோசை தின்ற கை காயுமுன்னே
இடது கட்டைவிரலால் திறந்தேன்.

ஒன்பதாம் நிலை. கோட்டைக்குள் சந்தை.
மீசைக்காரப் பயிற்சியாளன் முன்னால்
என் ஆள் நிற்கிறாள், பெயர் உலகம்மை77.
எழுபத்தாறு பேர் முந்திவிட்டார்கள்.

தொழில் இரண்டு தேர்ந்தெடு என்கிறான்.
மூன்றாவது வேண்டுமென்றால்
ஒன்றை மறந்தாக வேண்டும்.
மறந்தால், கற்றதெல்லாம் போச்சு.

தமாமிலிருந்து ஐகோர்ட்துரை
ஹெட்போனில் சொல்லுகிறான்:
"ஏட்டி, நீ சுரங்கம் வெட்டு, பச்சிலை பறி.
கிடைக்கத பூராத்தையும் எனக்குத் தபால்ல போடு.
நான் கொல்லன். வாள் அடிச்சு வித்து
காசை ஒம் பேருக்கு அனுப்புதேன்."

அனுப்புதேன்.
நாலு வருசமாக ஐந்தாம் தேதிதோறும்
பேங்க் மெசேஜாக வந்து விழுகிற சொல்.

"பகல் பூரா வெல்டிங், ராத்திரியும் ஒலையா?"
"இங்க வாளுக்கு வெல நான் வைப்பம்லா" என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பச்சிலை வேண்டாம்.
காலை ஒன்பதிலிருந்து சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை,
சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவரோடு சண்டை.
ராத்திரியும் மருந்தென்றால் கை நாறும்.
தோலுரித்தல்: ஓநாய் செத்த பிறகும் விடாமல்
கத்தியோடு குனிய வேண்டும்.
மாயம் ஏற்றல்: நல்ல கத்தியை நொறுக்கித் தூளாக்கி
சொத்தைக் கத்தியில் தடவுவதாம்.
படித்ததும் எங்கள் தெரு நகைச்சீட்டு ஞாபகம் வந்தது.

பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில்
சமையல், மீன்பிடி.
இவை தொழில் கணக்கில் சேரா,
எல்லோரும் கற்கலாம்.

மீன்பிடி இருக்கட்டும்.
சமையல் கணக்கில் சேராதாம்.
எந்தத் தேசத்துக் கம்பெனியோ,
எப்போது வந்து பார்த்தது எங்கள் அடுக்களையை?
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
"என்னட்டி?" என்றாள் மாமியார் கூடத்திலிருந்து.
"ஒண்ணுமில்ல அத்தை."

சுரங்கம் எடுத்தேன், அவன் சொன்னபடி.
மற்றது கல்லுக்குப் பட்டை தீட்டல்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
பச்சிலை ஏன் வரவில்லை என்று கேட்டால்
மழை இல்லை என்கிறேன்.

செங்கோட்டை வண்டி ஊதிக்கொண்டு போகையில்
பாறை இடுக்கில் முதல் செம்பு மினுங்கியது.
கடப்பாரையைப் போட்டால் டங்கென்று
காதுக்குள் ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்காகவே
விடிய விடிய வெட்டலாம் போலிருந்தது.

முதல் வாரம் முப்பது கட்டி தபாலில் போட்டேன்.
அடுத்த வாரம் பத்து.
மீதி ஏலக்கடைக்குப் போனது,
புதிதாக ஓர் ஆளை உண்டாக்கி அவன் பேரில்.

"எவனோ அம்பை அரிவாள்னு ஒருத்தன்,
நம்ம பக்கத்துக்காரனாத்தான் இருக்கணும்,
செம்புக்குக் கொள்ளை வெல போடுதான்" என்று
மூன்றாம் வாரம் புலம்பினான் ஐகோர்ட்துரை.
"வேற வழி? வாங்கித் தொலைக்கேன்."
ரெண்டு காசு குறைக்கலாமா என்று
நிஜமாகவே யோசித்தேன்.
குறைக்கவில்லை.

நேற்று ஏலக்கடையில் ஒரு வாள் கிடந்தது.
நாலு நாளாக யாரும் தொடாதது.
விலை கூடுதல்தான், வைத்தவன் அப்படி.
அடியில் பச்சை எழுத்தில்
செய்தவர்: ஐகோர்ட்துரை.

அவன் செய்த ஒன்றில் அவன் பெயரை
இப்போதுதான் பார்க்கிறேன்.
எண்ணெய்க் குழாயில்
பற்றவைத்தவன் பெயரை யார் எழுதுவார்?

வாங்கினேன்.
செம்பு விற்ற காசில் முக்கால்வாசி காலி.
கையில் பிடித்துப் பார்க்கலாமென்றால்
இருபத்திரண்டாம் நிலை வேண்டுமாம், இன்னும் ஆறு இருக்கிறது.
பையில் ஓரிடத்தை அடைத்துக்கொண்டு
சும்மா கிடக்கிறது.

பன்னிரண்டரைக்கு போன். அங்கே மணி பத்து.
"ஏட்டி, வித்துட்டு! முழு வெலைக்கும்!"
"யாரு வாங்குனா?"
"அந்த அரிவாள்தான்.
கொள்ளைக்காரப் பயலா இருந்தாலும்
பொருள் தெரிஞ்சவன்."