இழுப்பு

வாலிநோக்கம் போகும்போது ஜீப்
கடல் பக்கமாகவே சாய்ந்து ஓடியது.
வனத்துறை ஏலத்தில் எடுத்த வண்டி.
பழைய பச்சைக்கு மேல் நான் அடித்த நீலம்,
அதற்கும் மேல் உப்பு அடித்த துரு.
கட்டக்கோரை மூட்டை ஏற்ற வந்த பெண்கள்
"ரோந்து போன வண்டிதானே,
கடலைக் கண்டா மூக்கு திரும்பத்தான் செய்யும்" என்றார்கள்.
எனக்கும் பிடித்திருந்தது அது.
கொஞ்ச நாள் நானும் அப்படியே சொல்லித் திரிந்தேன்.

ஏர்வாடிக்குத் திரும்பும் வழியில்
அதே வண்டி உப்பளத்துப் பக்கம் இழுத்தது.
அன்றைக்குத்தான் உறைத்தது:
இதற்குக் கடலும் தெரியாது, உப்பும் தெரியாது.
தெரிந்ததெல்லாம் இடது.

ஞாயிற்றுக்கிழமை, கச்சான் எழும்பும் முன்னால்,
மீன் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் கொண்டு நிறுத்தினேன்.
ஊரில் மட்டமாக இருக்கிற ஒரே இடம்.
ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி,
டயரின் நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு.
டேப்பின் மறுமுனையைக் களஞ்சியம் பிடித்தான்.
என் தங்கை வீட்டுக்காரன்.
சங்கு குளிக்கப் போய்க் காதைக் கொடுத்துவிட்டு வந்தவன்,
எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்பான்.
அதனால் எல்லா அளவையும்
இரண்டு தடவை பார்க்க வேண்டியதாயிற்று.
அதுவும் நல்லதுக்குத்தான்.

முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம்.
ஒன்பது மில்லி.
வாத்து நடை.

டை ராடின் கிளாம்பில் உப்பு பூத்துக் கிடந்தது.
டீசல் ஊற்றி, ஒரு டீ குடிக்கிற நேரம் ஊறவிட்டு,
பைப் ரெஞ்சைப் போட்டுத் தொங்கினேன்.
ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை.
ஒரே திருப்பு,
ரெண்டும் விலகும், இல்லை ரெண்டும் நெருங்கும்.
"சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கு மதினி."
மூன்று மில்லி உள்நோக்க வைத்து முறுக்கினோம்.
பள்ளிவாசல் வரை ஓட்டிப் பார்த்தேன்.
இழுத்தது.

பிறகு தங்கூசி.
வலது பக்கம், பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு
விண்ணென்று இழுத்து, அந்த நீளத்தில் ஒரு துண்டு வெட்டினோம்.
அதையே இடது பக்கம் பிடித்தால்
தொய்ந்தது.
காற்றோ என்று கையால் மறைத்துப் பார்த்தான் களஞ்சியம்.
காற்றில்லை. ஒரு விரல் தொய்வு.

மல்லாக்கப் படுத்து உள்ளே போனேன்.
மீன் செதிலும் துருவும் கண்ணில் விழுந்தன.
பட்டைகளின் நடுவே இறங்கும் சென்டர் போல்ட்,
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாதது,
தலை முறிந்து கிடந்தது.
என்றைக்கு முறிந்ததோ.
யூ போல்ட்டின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டு
மூட்டைக்கு மூட்டை, பள்ளத்துக்குப் பள்ளம்
ஒரு மயிரிழையாகப் பின்னால் வந்திருக்கிறது அச்சு.
மூக்கு எதையும் தேடவில்லை.
இடது கால் பின்தங்கியிருந்தது,
நாங்கள் அதைக் கடல் என்று சொன்னோம்.

கீழக்கரையில் சீனி அலாவுதீன் கடையில்
போல்ட் அறுபது ரூபாய்.
பஸ்ஸுக்கு நின்ற நேரம்தான் அதிகம்.
அச்சை ஜாக்கியால் முன்னுக்குத் தள்ள,
போல்ட்டின் தலை குழியைத் தடவித் தடவி
டக்கென்று உட்கார்ந்தது.
அந்தச் சத்தம் களஞ்சியத்துக்கே கேட்டது, சிரித்தான்.
யூ போல்ட்டை முறுக்கி,
மறுபடி சாக்பீஸ், மறுபடி டேப்,
மறுபடி ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை.

சாயங்காலம் மேற்கே ஓட்டினேன்.
ஜீப் நேராகப் போனது.
நான் போகவில்லை.
நாலு வருசமாக வலதுக்கே இழுத்துப் பிடித்த தோள்
வண்டியைக் கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோனது,
சைடு கண்ணாடியில் முள் உரசியது.
"கைய விடுங்க" என்று கத்தினான்.
விட்டேன். சாலைக்கு வந்தது. தொட்டேன். மறுபடி முள்.

"இழுக்குதா மதினி?"
"இல்ல."
அவனுக்குக் கேட்கவில்லை.
"இழுக்குதா?"
"நான்தான்" என்றேன்.