மெல்ல

"மெல்ல" என்றேன்.
மென்றது.

குற்றம் சொல்ல முடியாது,
சொல்லில் இரண்டும்தான் இருக்கிறது.
நான் வேகத்தைச் சொன்னேன்,
வாஷர் வேலையைப் பிடித்துக்கொண்டது,
டீக்கடைப் பொறையோடு சேர்த்து
என் இடது கட்டைவிரலையும்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்,
அதனால் வாஷர்.
பாகலூர் ரோட்டில் நின்றுபோன லாரிக்கடியில்
மூன்று நாள் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தது.
இப்போது மூக்கண்டப்பள்ளியில்
மாடிப்படிக்குக் கீழே என் அறையில்
வாடகை தராத இரண்டாவது உயிர்.
முதலாவது பல்லி. அது எதுவும் கேட்பதில்லை.

பால்பல்தான்.
நொய்யரிசி அளவுகூட இல்லை.
ஆனாலும் கையை நீட்டும்போதெல்லாம்
என்னைக் கேட்காமல் தோள் பின்னால் போகிறது.
கை போனால் நாய் பாயும்,
நாய் பாய்ந்தால் கை இன்னும் வேகமாகப் போகும்.
இப்படியே ஒரு பாக்கெட் தீர்ந்தது.

மேல்வீட்டு சிவலீலா
ரோஜாப் பண்ணையில் தரம் பிரிப்பவள்,
பத்து விரலில் ஆறில் பிளாஸ்திரி.
படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"கையை இழுக்காதீங்கண்ணா,
ஓடுற எலின்னு நெனச்சுக்கும்.
மூடி வைங்க. கடிச்சாலும் மூடியே இருங்க.
நாக்கு வந்தா மட்டும் திறங்க.
அப்புறம் இந்த மெல்ல வேண்டாம்,
நிதானான்னு சொல்லுங்க, எங்க பாஷையில."

நிதானா.
கன்னடத்தில் அதற்கு
மெதுவாக என்பதற்கு மேல் ஒரு பழியும் இல்லை.
தமிழில் அந்தச் சொல்லை நான் கடைசியாகப் பார்த்தது
ஒரு விசாரணை அறிக்கையில்:
'தொழிலாளியின் நிதானமின்மையே காரணம்.'
நிமிடத்துக்கு இருபத்திரண்டு பீஸ்.
சென்சார் மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பற்றி
அறிக்கைக்கு ஒன்றும் தெரியவில்லை.
கீழே கையெழுத்துக் கேட்டார்கள்.
இடது கையால் போட்டேன்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது.

மூடினேன்.
முதலில் பல் வந்தது, விரல்முட்டியில்.
பிறகு நகம்.
பிறகு குரைப்பு, அதுவும் பாதி கொட்டாவி.
பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
சுவரோடு ஏதோ பேசியது.
நான் இருந்தேன்.
இந்த அறையில் நான் இவ்வளவு நேரம்
ஒரே வேலையாக இருந்ததில்லை.
கடைசியில், வேண்டாவெறுப்பாக, ஒரு நாக்கு.
திறந்தேன்.

வீட்டுக்காரர் முனிவெங்கடப்பா
வாடகைக்கு வந்தவர்
"மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் ஒரு பிஸ்கட் நீட்டினார்.
நல்லவேளை, வேட்டியோடு போயிற்று.
ஓசூர் நாய்க்கு எத்தனை பாஷைதான் தெரியும்,
மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பதினோரு நாள்.
ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் மறந்து
பழையபடி கடித்தது.
நானும் பழையபடி இழுத்தேன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தூங்கினோம்.

நேற்று பி ஷிப்ட் முடிந்து வரும்போது
இடது கையில் சாவி, ஹெல்மெட்.
(இப்போது ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள்,
அட்டைப்பெட்டி யாரையும் நசுக்காது.)
பொறை வலது கையில் இருந்ததை
நீட்டிய பிறகுதான் கவனித்தேன்.
சொல்ல வேண்டிய சொல்லும் வரவில்லை.

அது வந்தது.
ஆள்காட்டி விரல் நிற்க வேண்டிய இடத்தில்
சற்று நேரம் மூக்கை வைத்தது.
பாதிக்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை என்று
அதற்குத் தெரிந்ததோ என்னவோ.
தோள் போகவில்லை.
போகப் பார்த்தது, போகவில்லை.
உதட்டால், பல் படாமல்,
பொறையை வாங்கிக்கொண்டு
கட்டிலுக்கடியில் போய்
மெல்லத் தொடங்கியது.

நான் விளக்கைப் போட்டு
வழக்கம்போல் எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பதரை.
சரியாக இருந்தது.