இரண்டு எஃப்

ஜில்லா கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர்,
எஃப் மட்டும் சரியாக விழாத ஒரு கீபோர்டு, நான்.
பக்கம் முப்பது ரூபாய்க்கு
அடுத்தவர் விபத்தை இங்கிலீஷில் அடிக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்தில் கற்றது இவ்வளவுதான்:
வினைச்சொல் பாவம், ஒன்றும் செய்யாது.
பின்னால் வரும் பொடிச்சொல்தான் ஆளைக் கொல்லும்.
ரேன் என்றால் ஓடியது.
ரேன் ஓவர் என்றால் ஏறியது.
ரேன் இன்டு என்றால் இவன் போய் முட்டினான்.
ரேன் அவே என்றால் டிரைவர்.

ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று
பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவை எல்லாம்
சொல்லின் வாலில் ஒட்டி அடக்கமாக இருந்தன.
இங்கிலீஷ்காரன் வாலை வெட்டித்
தனியே நடக்க விட்டுவிட்டான்.
எந்தத் தெருவில் எது திரும்பும்
என்று யாருக்கும் தெரியாது.
பி.காம். இரண்டாம் வருஷத்தில் நான் டிராப்ட் அவுட்.
அந்த அவுட்டில்
வெளியே தள்ளிய கை யாருடையது என்று இல்லை.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிக்கு மேற்கேயிருந்து
முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
மஞ்சள் பையில் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம்,
ரேஷன் கார்டு, நாலு கடலை உருண்டை.
செக்கானூரணி தாண்டி, பெட்ரோல் பங்க் வளைவில்,
முருங்கைக்காய்க் கட்டோடு டி.வி.எஸ்ஸில் வந்த கருத்தமாயன்
இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப்படி
நின்றிருந்த டிப்பர் லாரியில் தானே போய் மோதினார்.
ரேன் இன்டு.
லாரி முதலாளியின் பதில் மனுவில்
பாரம் தாங்காமல் வண்டியிலிருந்து விழுந்தார்.
ஃபெல் ஆஃப். இரண்டு எஃப்.
ஒச்சம்மாளைக் கேட்டால்,
"மேல ஏத்திப்புட்டாம்மா."

ஏத்தி. புட்டான்.
அந்தப் புட்டானில் இருக்கும் பாவத்துக்கு
ஈடான பொடிச்சொல்லைத் தேடினேன்.
ஓவர் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.
ஆனால் அது கிரிக்கெட்டிலும் வருகிறது,
ஆறு பந்து போட்டதும் முடிந்துவிடுகிறது.

அடித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.
"சம்பவ இடத்திலேயே செத்துப்போனார்" என்ற இடத்தில்
கையை நீட்டி நிறுத்தினாள்.
"போனாருன்னு போடாத.
போனாருன்னா தானாக் கெளம்பிப் போன மாதிரி இருக்கு.
அவரு எங்க போனாரு?
மார்க்கெட்டுக்குல்ல போனாரு."

திரையைப் பார்த்தேன்.
பாஸ்ட் அவே.
அங்கேயும் அதே போதல்.
இரண்டு பாஷையும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு
கருத்தமாயனை அவர் காலாலேயே
அனுப்பி வைத்திருக்கின்றன.

அவேயை அழித்தேன்.
பாஸ்ட் மட்டும் தனியாக நின்றது,
பத்தாவது ரிசல்ட் மாதிரி.
அதையும் அழித்து கில்டு என்று வைத்தேன்.
பின்னால் ஒரு பை.
பை வந்ததும் வாக்கியம் லாரி நம்பர் கேட்டது.
அவளே சொன்னாள்,
எழுத்துக்கூட்டத் தெரியாதவள்,
டி.என். தொடங்கிக் கடைசி எண் வரை
மூச்சு விடாமல்.

வக்கீல் ஹிதாயத்துல்லா சிவப்பு மையில் சுழித்தார்.
"கில்டு வேணாம்மா, கிரிமினல் வாடை அடிக்குது.
டைடு ஆஃப் இஞ்சுரீஸ்னு போடு."
இந்த ஆஃபுக்கு ஒரே எஃப்.
லாரி காணாமல் போயிற்று. காயம் மிஞ்சியது.
ஒச்சம்மாளுக்கு நான் அதைச் சொல்லவில்லை.
அவள் கைநாட்டு வைத்து
விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

முதல் வாய்தாவில் ஜட்ஜ் லீவு. புட் ஆஃப்.
இரண்டாவதில் இன்சூரன்ஸ் வக்கீல் வரவில்லை. புட் ஆஃப்.
அப்புறம் கோடை விடுமுறை, அப்புறம் பாய்காட்டு.
புட் விசித்திரமான சொல்.
நேற்றைக்கும் புட், இன்றைக்கும் புட்.
அதற்கென்று தனியாக ஓர் இறந்தகாலம் கிடையாது.

இன்றும் வந்திருக்கிறாள்.
கடலை உருண்டை ஒன்றை மவுஸ் பக்கத்தில் வைத்துவிட்டு
அடுத்த தேதி கேட்கிறாள்.
மேலே வக்கீலுக்கு ஒரு வரி அடிக்க வேண்டும்.
ஓ விழுந்தது.
எஃப்பை இரண்டு தடவை அழுத்துகிறேன்,
ஒன்றுதான் விழுகிறது.
இன்னொரு தடவை.