உறைப்பு: ஐந்து

முதற் சனிக்கிழமை
ஓடர் எடுத்த குரல் கேட்டது:
"உறைப்பு எத்தனை? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் இருக்கு."
சோபாவிலிருந்து சத்தியரூபன் கத்தினார்,
"அஞ்செண்டு சொல்லும்!
நாங்கள் ஆரெண்டு நினைச்சவை?"

நாங்கள் ஆரென்பது
முக்கால் மணித்தியாலத்தில் தெரிந்துபோயிற்று.
செத்தல் மிளகாயில் வளர்ந்த நாக்கு
சுண்டுவிரல் நகமளவு பச்சைக் கொச்சி ஒன்றிடம்
மண்டியிட்டது.
குளிர்பெட்டியைத் திறந்தபடி நின்று
தயிர்ச்சட்டியைக் கரண்டியில்லாமல் முடித்தார் மனிசன்.
"பரவாயில்லை" என்றார்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு.
கீழே கடலோர ரயில் போனது.
மூன்றாம் மாடியின் கண்ணாடிகள் எல்லாம்
கொஞ்ச நேரம் சிரித்தன.

அடுத்த சனி, "மூன்று" என்றேன்,
அவருக்குக் கேளாத குரலில்.

பச்சைக் கறி.
மூடியைத் திறந்ததும் தேசியிலை.
பிறகு தேங்காய்ப்பால்;
எங்கள் வீட்டுப் பால்தான், ஆனால்
சீனிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு
ஊர்மாறிப் போன
பழைய பக்கத்துவீட்டுக்காரி மாதிரி
தெரியும் தெரியாது என்று சிரித்தது.
அதற்குள் கத்தரிக்காய்,
கோலிக்குண்டு அளவில், வேகாததுபோல் வெந்து.
"இதுக்கு மாசி போட்டிருக்கலாம்" என்றார்.
எதற்குத்தான் போடச் சொல்லமாட்டார்.

பிறகு நூடில்ஸ் வந்தது.
அதன்மேல் இடித்த கச்சான்.
கச்சான், பேப்பர்ச் சுருளுக்குள் சூடாக இருந்து
காலிமுகத்திடலில் காற்றோடு தின்பது;
அது ஏன் இங்கே, புளியோடும் இறாலோடும்?
கேட்டுக்கொண்டே
பெட்டியின் மூலையை விரலால் வழித்தேன்.

பப்பாசிக்காய்ச் சம்பல் வந்த நாள்
சண்டை.
"கருவாடு கழுவின தண்ணி" என்றார்.
"கருவாடு நீங்கள் தின்னாததோ?" என்றேன்.
"அது கருவாடு. இது தண்ணி."
யன்னலைத் திறந்தார். திறந்து வைத்துவிட்டு
வந்து இருந்து
பாதிக்குமேல் அவரே தின்றார்.

ஐந்தாம் சனி மழை.
காலி வீதி முழங்கால்வரை நின்றது,
கொண்டுவரும் பொடியன் வரமாட்டானாம்.
குடையோடு நானே போனேன்,
ஒழுங்கை முடிவுக்கு.
பிளாஸ்டிக் ஓர்கிட். நிறம்போன படத்தில்
படகுகளில் பழம் விற்கும் பெண்கள்.
குசினிக் கதவில் குந்தியிருந்து
உள்ளி உரித்த ஒருவர் நிமிர்ந்தார்:
"மூணாம் மாடி அக்காதானே?
மொத நாளு அஞ்சு கேட்டவங்க?"

எனக்கு முகம் வைக்க இடமில்லை.

"அன்னைக்கும் நா மூணுதான் போட்டேன்" என்றார்.
"அஞ்சு யாருக்கும் குடுக்கிறதில்ல, அக்கா."

பெயர் மதியழகன். பொகவந்தலாவை.
கட்டாரில் எட்டு வருசம் ஒரு ஹோட்டல் குசினி;
அங்கே பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர்
இதெல்லாம் காட்டிக்கொடுத்தாராம்.
அவருக்கு யார் காட்டியது என்று
இவர் கேட்கவில்லை.
"தாய்லாந்தா? மேப்புல பாத்திருக்கேன்."
உள்ளித்தோல் ஒட்டிய கையை உதறிவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
"சரியா இருக்கா, அக்கா?
நெசமாச் சொல்லுங்க.
இங்க கேக்கிறதுக்கு எனக்கு ஆளில்ல."

தாய்லாந்தை
ஒரு நகைக்கடைக் கலண்டரில் மட்டும் கண்டவள் நான்,
புரட்டாதி மாதம்.
ஆனால் மழை, அந்த முகம்,
பின்னால் பொங்கிக்கொண்டிருந்த பானை.
"எல்லாம் சரி" என்றேன்.
"புளி மட்டும் இன்னும் கொஞ்சம்."

அவர் எழுந்தார்.
காதில் செருகியிருந்த பேனையை எடுத்து
பில் துண்டொன்றின் பின்புறத்தில்
புளி என்று எழுதி
அடுப்புக்கு மேலே ஒட்டினார்.

அடுத்த சனி புளி கூடியிருந்தது.
ஒரு வாய் வைத்துவிட்டு
சத்தியரூபன் கண்ணை மூடினார்.
"இதுதான்," என்றார்,
"இதுதான் அசல் தாய்லாந்து."

நான் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசி இறாலை எடுத்துக்கொண்டேன்,
கேட்காமல்.